அந்த வண்ணத்தை அடித்தது யார்? மாதிரி டாங்கிகளில் உருமறைப்பு: ஓர் அறிமுகம்

பிளாஸ்டிக் டாங்கி ஒன்றை ஒட்டி முடிக்க ஒரு வாரம் ஆகலாம். வெட்டி, தேய்த்து, பசை போட்டு, சக்கரம் சக்கரமாகக் கோத்து முடித்தபின் அது ஒரே சாம்பல் நிறத்தில் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். பிறகு பெட்டியில் வந்த வண்ணத் தாளை விரிப்போம். மஞ்சள் உடம்பின்மேல் பச்சையும் செம்பழுப்புமாகத் திட்டுகள், நாலு பக்கத்திலிருந்தும் படங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். கை பிசகினால் ஒரு வார வேலையும் போய்விடுமே என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒரு கேள்விதான். உண்மையான டாங்கியில் இந்த வண்ணத்தை அடித்தது யார், எதை வைத்து அடித்தார்? தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியா, காட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்ப்ரே கன் பிடித்த ஓர் இளம் சிப்பாயா, பனியில் வாளியும் பிரஷ்ஷுமாக நின்ற ஒருவரா? பதில் தெரிந்துவிட்டால் திட்டின் வடிவம், ஓரம், பிசிறு, நாம் எடுக்கவேண்டிய கருவி எல்லாம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முதலில், உருமறைப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். டாங்கியைப் புல்லின் நிறத்துக்குக் கொண்டுவந்தால் அது மறைந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். நிறம் பாதி வேலையைத்தான் செய்கிறது. நம் கண் தூரத்திலிருந்து ஒரு பொருளை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் வெளிக்கோட்டை வைத்து. இயற்கையில் நேர்க்கோடும் முழு வட்டமும் அபூர்வம். டாங்கியிலோ தட்டையான தகடுகள், வரிசையாக உருண்டைச் சக்கரங்கள், நீண்டு நிற்கும் குழல், வயிற்றுக்கு அடியில் கறுப்பு நிழல். ஒரே பச்சை அடித்தாலும் இவை அத்தனையும் காட்டிக்கொடுக்கும். புள்ளிமான் மர நிழலில் நிற்கும்போது முதுகின் வெள்ளைப் புள்ளிகள் இலை இடுக்கில் விழும் வெயில் துண்டுகளோடு கலந்துவிடுகின்றன. மான் அங்கேதான் நிற்கும், அதன் வடிவம் மட்டும் நம் கண்ணில் சேராது. டாங்கியின் திட்டுகளும் அதே வேலையைச் செய்யத்தான் போடப்படுகின்றன.

இதிலிருந்தே முதல் செய்முறைப் பாடம் வந்துவிடுகிறது. திட்டு தகட்டின் நடுவில் தீவு மாதிரி நிற்கக் கூடாது. ஓரத்தைத் தாண்டி அடுத்த தகட்டுக்குள் வழிய வேண்டும். பக்கத் தகட்டில் தொடங்கிய பச்சை, மூலை மடங்கி மேல்தளத்தில் ஏறினால்தான் அந்த மூலை உடையும். புதியவர்களின் மாதிரிகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான்: ஒவ்வொரு தகட்டையும் தனித்தனிப் படமாக நினைத்து நடுவில் அழகாக ஒரு திட்டு வைத்துவிடுவார்கள். வெளிக்கோடு அப்படியே இருக்கும்.

இன்னொன்று, கைப்பழக்கம். கோலம் போட்டுப் பழகிய கைக்குச் சமச்சீர் தானாக வரும். இந்தப் பக்கம் ஒரு வளைவு வந்தால் அந்தப் பக்கமும் ஒன்று, இடைவெளியும் ஒரே அளவு. உருமறைப்புக்குச் சமச்சீர் பகை. ஒரு திட்டு அகலமாக இருந்தால் அடுத்தது ஒல்லியாக, இடைவெளி ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விரிந்து போக வேண்டும். என் முதல் டாங்கியில் எல்லா வரிகளும் ஒரே அகலத்தில் அமைந்துவிட்டன. ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்த்ததும் தவறு புரிந்தது. மறுபடி அடிப்படை நிறத்தை ஏற்றி முதலிலிருந்து அடித்தேன்.

வடிவத்தை உடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஷெர்மன் ஃபயர்ஃபிளை என்ற டாங்கி நல்ல சாட்சி. 1944இல் நார்மண்டியில் பிரிட்டிஷ் படைகள் சில ஷெர்மன் டாங்கிகளில் 17 பவுண்டர் என்ற மிக நீளமான பீரங்கியைப் பொருத்தியிருந்தன. ஜெர்மன் கனரக டாங்கிகளைத் துளைக்கும் பலம் அதற்கு இருந்தது. அந்த நீளக் குழலே ஆபத்தாகவும் ஆனது. கூட்டத்தில் எது ஃபயர்ஃபிளை என்று எதிரிக்குத் தெரிந்துவிடும், முதல் குண்டு அதற்குத்தான். ஆகவே சில அணியினர் குழலின் முன்பாதியின் அடிப்பக்கத்தில், மேல்நிறத்தோடு அலைகோடாகச் சந்திக்கும்படி வெள்ளை அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முன்பாதி வானத்தோடு கரைந்து, மீதிக் குழல் சாதாரண ஷெர்மனுடைய 75 மி.மீ. குழல் மாதிரி தெரியும். ஒரு கை அகலப் பெயின்ட்டுக்குப் பின்னால் உள்ளே இருந்த நாலு பேரின் உயிர்க் கவலை இருந்தது. அந்த அலைகோட்டை மாதிரியில் வரையும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

டாங்கிக்குத் திட்டு அடிக்கும் வழக்கம் டாங்கியோடு சேர்ந்தே பிறந்தது. பிரெஞ்சு ராணுவம் 1915இல் ஓவியர்களைச் சேர்த்து உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவு வைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரிட்டனின் மார்க் 1 டாங்கிகள் முதன்முதலாகப் போருக்குப் போனபோது அவற்றின்மேல் சாலமன் ஜே. சாலமன் என்ற ஓவியர் வகுத்த பலவண்ணக் கோலம் இருந்தது. போர்க்களச் சேறு அதை மூடிவிட்டது. வெகு சீக்கிரத்தில் பிரிட்டிஷார் ஒரே பழுப்புக்கு மாறிக்கொண்டார்கள். சேறு வண்ணத்தை வென்ற கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கட்டத்தில் உதவும்.

இப்போது, புதியவர்கள் அதிகம் விரும்பும் ஒரு கோலத்தை விரிவாகப் பார்க்கலாம்: ஜெர்மனியின் மூவண்ணம்.

இரண்டாம் உலகப் போரின் முதல் பாதியில் ஜெர்மன் டாங்கிகள் பெரும்பாலும் அடர் சாம்பல். 1943 பிப்ரவரியில் உத்தரவு மாறியது. அதன்பின் தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் அடர்மஞ்சளில் வரும். ஜெர்மன் பெயர் டுங்கெல்கெல்ப். கூடவே, ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டியான பசையாகத் தகர டப்பாக்களில் 2 கிலோ, 20 கிலோ என்று படைகளுக்குப் போயின. அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்றபடி அடித்துக்கொள்ள வேண்டியது வண்டிக்காரர்களின் பொறுப்பு.

இந்த ஒரு விவரம் எத்தனை விளக்குகிறது பாருங்கள். கரைப்பது அவரவர் கை அளவு. ஒருவர் தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பார், நிறம் வெளிறி அடிமஞ்சள் தெரியும். ஒருவர் பெட்ரோலில் குறைவாகக் கரைத்துக் கெட்டியாக அடித்திருப்பார். ஸ்ப்ரே கன் கிடைத்தவர் மெல்லிய வரிகளாக இழுத்தார், கிடைக்காதவர் பிரஷ்ஷால் பூசினார். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆகவே பெட்டித் தாளில் உள்ள ஒரு வளைவு உங்கள் கையில் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போனால் கவலைப்படாதீர்கள். அசலில் அடித்தவருக்குத் தாளே கிடையாது.

1944 ஆகஸ்டில் நிலைமை மறுபடி மாறியது. கோலத்தைத் தொழிற்சாலையிலேயே அடிக்கச் சொன்னார்கள். இப்போது கை வேறு, ஆகவே ஓரமும் வேறு. அந்தச் சில வாரங்களில் சில தொழிற்சாலைகளிலிருந்து புகழ்பெற்ற புள்ளிக் கோலம் வந்தது: மஞ்சள்மேல் கருநிறப் புள்ளிகள், கருநிறத் திட்டின்மேல் மஞ்சள் புள்ளிகள், மர நிழலில் பதுங்கும் வண்டிக்காக. பார்க்க அழகு, அடிக்க மிகுந்த பொறுமை வேண்டும். அதை உங்கள் மூன்றாவது நான்காவது டாங்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பருக்குப் பின் வண்ணத்தைச் சிக்கனப்படுத்தினார்கள். துரு தடுக்கும் செம்மண் நிற பிரைமரையே அடிப்படையாக வைத்து, அதன்மேல் கொஞ்சமாக மற்ற நிறங்களைக் கூர்மையான ஓரத்தோடு பூசினார்கள்.

ஓரம் என்று சொன்னேன். மாதிரி டாங்கியில் நல்லதையும் சுமாரானதையும் பிரிப்பது அதுதான். இங்கே சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டும்.

நாம் அதிகம் கையாளும் அளவு 1/35. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி செய்தபோது, உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்கும்படி அளவை வைத்தது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1/35 வந்தது. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அசலில் 35 மி.மீ. என்பது நம் மேசைமேல் 1 மி.மீ.

ஸ்ப்ரே கன்னால் அடித்த திட்டின் ஓரத்தில், நிறம் முழுசாக முடிந்து அடிநிறம் தொடங்கும்வரை ஒரு பனிமூட்டம் போன்ற பட்டை இருக்கும். அசலில் அது 7 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நம் மாதிரியில் அது 2 மி.மீ. மட்டுமே. நீங்கள் ஏர்பிரஷ்ஷை, அதாவது காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் பேனா போன்ற கருவியை, தள்ளிப் பிடித்து அடித்ததில் ஓரம் 5 மி.மீ. அகலத்துக்குப் பரவினால், அசலில் அது 17 சென்டிமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய ஒரு சாண் மூட்டம். அப்படி ஒரு வண்டியைப் பார்ப்பது அபூர்வம். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் பார்த்த உடனே இது பொம்மை என்று மனம் சொல்லிவிடும். 1/72 அளவில் அதே 7 சென்டிமீட்டர் 1 மி.மீ. ஆகிவிடுகிறது. அங்கே நுண்ணிய பிரஷ்ஷால் கையாலேயே தீட்டினாலும் கண்ணுக்குக் குறை தெரியாது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒட்டி முடித்த மாதிரியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும் நம் விரல் எண்ணெயும் போனால்தான் பெயின்ட் பிடிக்கும். பிறகு பிரைமர், அதாவது பெயின்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு. அது காய்ந்தபின் அடிப்படை நிறம் முழுவதும், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக. அடிப்படை நிறத்தில் இரண்டொரு துளி வெளிர் நிறம் கலந்துகொள்ளச் சொல்வேன். தூரத்துப் பொருள் காற்றின் வழியே வெளிறித் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்ன மாதிரியை நாம் தூரத்து டாங்கியாகப் பார்க்க விரும்புகிறோம், அசல் நிறத்தை அப்படியே போட்டால் கனத்து இருண்டு போகும்.

திட்டுக்கு முன் வெளிக்கோட்டை மெல்லிய பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளலாம். ஏர்பிரஷ் இருப்பவர்கள், 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை) போதும், பெயின்ட்டை அடிப்படை நிறத்துக்குக் கலந்ததைவிட நீர்க்கக் கலக்க வேண்டும். ஒரு பங்கு பெயின்ட்டுக்கு இரண்டு பங்கு தின்னர்வரை போகலாம். காற்றழுத்தத்தை 12 முதல் 15 பிஎஸ்ஐக்கு (கம்ப்ரஸர் மீட்டரில் காட்டும் அழுத்த அலகு) குறைத்து, நுனியை மாதிரியிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, முதலில் திட்டின் எல்லையை மெல்லிய கோடாக வரையுங்கள். பிறகு உள்பக்கத்தை நிரப்புங்கள். எல்லையிலிருந்து உள்நோக்கித்தான் கை போக வேண்டும், வெளிநோக்கிப் போனால் மூட்டம் சிதறும். ஒரே இழுப்பில் முழு நிறம் வராது, வரவும் வேண்டாம். மூன்று நான்கு தடவை மெல்ல ஏறட்டும். எங்காவது பரவிவிட்டால் அடிப்படை நிறத்தை அதே மாதிரி நீர்க்கக் கலந்து எல்லையை வெளியிலிருந்து திருத்திவிடலாம். இந்தத் திருத்தம்தான் பாதி வேலை. அனுபவமுள்ளவர்களும் இதைச் செய்கிறார்கள்.

நம் ஊர் வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. அக்ரிலிக் பெயின்ட் நாசில் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஊசி நுனியை அவ்வப்போது தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்துக்கொள்ளுங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம், ரிடார்டர், ஒரு துளி சேர்த்தாலும் உதவும். மதிய வெயிலைவிடக் காலை நேரம் நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

ஏர்பிரஷ்ஷை நேரடியாக நம்ப முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் போன்ற புட்டியைச் சுண்டுவிரலில் பாதித் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, திட்டின் எல்லையில் வளைத்து வையுங்கள். மூடவேண்டிய இடத்தை டேப்பால் மறைத்துவிட்டு அடியுங்கள். கயிறு உருண்டையாக இருப்பதால் அதன் அடியில் கொஞ்சம் பெயின்ட் நுழைந்து, ஓரம் லேசாக மட்டும் மங்கும். கயிறு தடித்தால் மங்கலும் கூடும். மேலிருந்து நேராக அடிப்பதற்கும் சாய்த்து அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் பழகிப் பார்த்துவிட்டு மாதிரிக்கு வாருங்கள்.

கூர்மையான ஓரத்துக்கு மாஸ்கிங் டேப். இதற்குப் பொருத்தமான அசல் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1980களில் மேற்கு பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கிகள் வெள்ளை, சாம்பல், பழுப்பு நிறச் செவ்வகங்களால் மூடப்பட்டிருந்தன. காட்டில் வளைவுகள் மறைக்கும். நகரத்தில் சுவரும் ஜன்னலும் நடைபாதையும் நேர்க்கோடுகள்தான், ஆகவே அங்கே கட்டங்கள்தான் கண்ணைக் குழப்பும். டேப் ஒட்டியபின் அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு தடவை மெல்ல அடித்துவிடுங்கள். கசிகிற இடத்தில் அடிநிறமே கசிந்து வழியை அடைத்துவிடும், அடுத்து வரும் நிறம் கத்தி வெட்டினாற்போல நிற்கும்.

ஏர்பிரஷ் இல்லையா? அதற்காக உட்கார்ந்துவிடாதீர்கள். அசலிலேயே பிரஷ்ஷால் அடித்த கோலத்தைத் தேர்ந்தெடுங்கள். என் கருத்தில் முதல் டாங்கிக்கு அதுவே சிறந்தது. பனிக்காலத்தில் சோவியத் டி-34 டாங்கிகளின் பச்சைமேல் சுண்ணாம்புக் கரைசலை வாளியில் கலந்து பிரஷ்ஷால் பூசினார்கள். ஜெர்மானியர்களும் அப்படித்தான். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுற்றுச்சுவர் ஐப்பசி மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்: மேல் விளிம்பில் கரைந்து, ஆள் உரசும் இடத்தில் அழிந்து, மூலையில் மட்டும் வெள்ளையாக. டாங்கியிலும் அதுவேதான். வீரர்கள் ஏறி இறங்கும் இடம், கதவு ஓரம், பக்கத் தகட்டின் கீழ்விளிம்பு இங்கெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கும். மாதிரியில் இதைக் கொண்டுவர, பச்சை காய்ந்து வார்னிஷ் போட்டபின் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை மெல்ல அடித்துக் காயவையுங்கள். அதன்மேல் வெள்ளை அக்ரிலிக். அரைமணி கழித்து ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்ப்ரே கரைந்து வெள்ளை உரியும். உரிவதை நீங்கள் விரும்பிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: சக்கரங்கள். திட்டைப் பக்கத் தகட்டிலிருந்து சக்கரங்கள்மேல் தொடர்ச்சியாக இழுத்துக்கொண்டு போவார்கள். அடித்த அந்த நொடியில் அசலிலும் அப்படித்தான் இருந்திருக்கும். வண்டி நாலு அடி நகர்ந்ததும் சக்கரங்கள் சுழன்று, வரி துண்டு துண்டாகிவிடும். ஆகவே தொடர்ச்சியாக அடித்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் வெவ்வேறு அளவு திருப்பி ஒட்டுங்கள். குழலைத் தாங்கி மேலே சுழலும் கோபுரமான டரெட்டும் இப்படித்தான். குழல் முன்னோக்கி இருக்கும்போது அடித்த கோலம், டரெட் திரும்பினால் உடம்பின் கோலத்தோடு ஒட்டாது. நீங்கள் டரெட்டைத் திருப்பி வைக்கப் போவதாக இருந்தாலும், அடிக்கும்போது நேராக வைத்தே அடியுங்கள்.

எல்லாக் கோலமும் இப்படிக் கை போன போக்கில் வந்ததல்ல. 1970களில் அமெரிக்க ராணுவத்தின் நாலு வண்ண முறையில் இரண்டு முக்கிய நிறங்கள் தலா 45 சதம், மற்ற இரண்டும் தலா 5 சதம். பருவம் மாறினால் கோலத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓரிரு நிறத்தை மட்டும் மாற்றுவார்கள். 1980களில் அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய பச்சை, பழுப்பு, கறுப்பு மூவண்ணத்திலும் ஒவ்வொரு வண்டி வகைக்கும் வரைபடம் உண்டு. அங்கே உங்கள் சுதந்திரம் குறைவு, படத்தை ஒட்டியே போக வேண்டும். மறுபடியும் அதே கேள்விதான்: அடித்தவர் முன்னால் வரைபடம் இருந்ததா, இல்லையா?

திட்டுகள் முடிந்ததும் மாதிரி கொஞ்சம் பளிச்சென்று, ஒட்டாத துண்டுகள் போலத் தெரியும். மனம் தளர வேண்டாம். மண் நிற எண்ணெய் வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்து உடம்பெங்கும் ஒரு மெல்லிய படலமாக ஓட்டினால் மூன்று நிறங்களும் ஒரே குடும்பமாகிவிடும். கீழ்ப்பகுதியில் புழுதி, சங்கிலிப் பட்டைகளில் காய்ந்த சேறு. இங்கே 1916இன் சேற்றை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இத்தனை நாள் உழைத்த கோலத்தைப் புதைத்துவிடும் அளவுக்கு வேண்டாம்.

பழைய புகைப்படம் ஒன்றை வைத்து நீங்கள் வேலை செய்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மாதிரியை வாசலில், மண்தொட்டி ஓரமாக, பக்கவாட்டு வெயிலில் வைத்து மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். ஜெர்மன் பச்சையும் செம்பழுப்பும் பெரும்பாலும் ஒரே சாம்பலாகத்தான் விழும். அசல் படத்திலும் அவை பிரிந்து தெரியாதது அதனால்தான். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, திட்டின் அகலம் கூடியிருக்கிறதா, ஓரம் பரவியிருக்கிறதா என்பது வண்ணம் குறுக்கே நிற்காமல் தெளிவாகத் தெரியும். திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு, கடைசியாகப் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். அதை மட்டும் மழை நாளில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் லாக்கர் வார்னிஷ் பால்போல் வெளுத்துப் படிந்துவிடும். காற்று காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள், அதுவரை மாதிரி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.